ஸ்கேன் படத்தின் இருட்டுப் பகுதி

மூளைப் படத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் ஒரு திட்டைக் காட்டி, "சொற்கள் குடியிருக்கும் இடம் இதோ" என்று எழுதும் செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. படிக்கும்போதெல்லாம் என் கண் அந்தத் திட்டை விட்டுவிட்டு, சுற்றியுள்ள சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். ஒளிராத இடத்தில் என்ன நடக்கிறது? செய்தி எழுதுபவர்கள் இதைக் கேட்பதே இல்லை. மூளையின் இடது பொட்டு மடலில் கத்தி வைக்கப்படவிருக்கும் ஒருவருக்கோ இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. அப்படி ஒருவர் என் வீட்டிலேயே இருந்ததால்தான் நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

டெம்போரல் லோப் என்று மருத்துவர்கள் சொல்லும் பொட்டு மடல், நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் தொடங்கிக் காதின் உயரத்தில் பின்னோக்கிப் போகும் பகுதி. இரு பக்கமும் ஒவ்வொன்று உண்டு. மொழியைப் பொறுத்தவரை பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கமே முதன்மை. 1861-இல் பால் புரோக்கா, பேச்சை இழந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடது நெற்றி மடலின் பாதிப்பைக் காட்டினார். 1874-இல் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருளற்றுப் பேசுபவர்களிடம் பொட்டு மடலின் பின்-மேல் பகுதி கெட்டிருப்பதை விளக்கினார். பாடநூல்கள் இந்த இரண்டு பெயர்களோடு கதையை முடித்துவிடுகின்றன. முன்னால் ஒரு வட்டம், பின்னால் ஒரு வட்டம், நடுவில் ஓர் அம்புக்குறி. ஒரு பொருளைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லும் வேலை இந்த வட்டங்களுக்குள் அடங்குவதில்லை.

அந்த வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பீட்டர் இண்டெஃப்ரே, வில்லெம் லெவெல்ட் இருவரும் 82 ஆய்வுகளைத் திரட்டி 2004-இல் ஒரு காலக்கணக்கு வெளியிட்டார்கள். ஒரு படத்தைப் பார்த்ததிலிருந்து வாய் திறக்கும்வரை ஏறத்தாழ 600 மில்லிநொடி. முதல் 175 மில்லிநொடிக்குள் 'இது இன்னது' என்ற எண்ணம் பிடிபடுகிறது. 250-ஐ நெருங்கும்போது அதற்குரிய சொல் தேர்வாகிறது. அடுத்து அந்தச் சொல்லின் ஒலிவடிவம் எடுக்கப்பட்டு, அசைகளாக அடுக்கப்பட்டு, நாக்குக்கும் உதட்டுக்கும் கட்டளை போகிறது. சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தை இடது பொட்டு மடலின் நடுப்பகுதியோடும், ஒலிவடிவத்தை எடுக்கும் கட்டத்தை வெர்னிக்கே பகுதியோடும் அவர்கள் இணைத்தார்கள். நுனிநாக்கில் நிற்கும் பெயர் வெளியே வர மறுக்கும்போது நாம் படும் பாடு, இந்தக் கட்டங்கள் தனித்தனியானவை என்பதற்கு அன்றாடச் சான்று. பொருள் தெரிகிறது, சொல் இருக்கிறது என்பதும் தெரிகிறது, சில வேளை முதல் எழுத்துகூடத் தெரிகிறது. ஒலி மட்டும் வருவதில்லை.

இனி ஸ்கேனுக்கு வருகிறேன். எஃப்.எம்.ஆர்.ஐ. எனப்படும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. மூளை அணுக்களின் பேச்சைக் கேட்பதில்லை. ரத்தத்தைத்தான் பார்க்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தப்புலத்தைச் சற்றே குலைக்கும் இயல்பு உண்டு. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கு அது இல்லை. ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்தால் அங்கே புது ரத்தம் தேவைக்கு மேலாகவே பாய்கிறது, குலைவு குறைகிறது, சிக்னல் சற்று உயர்கிறது. செய்ஜி ஒகாவா 1990-இல் இந்த விளைவை விளக்கினார். இரண்டே ஆண்டுகளில் மனித மூளையில் அது செயல்பட்டுக் காட்டப்பட்டது. சிக்னல் உயர்வு மிகச் சிறியது, சில சதவீதத்தைத் தாண்டாது. உச்சத்தைத் தொடவும் 5, 6 நொடிகள் ஆகிவிடும். 600 மில்லிநொடியில் முடிந்துபோகும் வேலையை அது முடிந்து வெகுநேரம் கழித்து வரும் ரத்த ஓட்டத்தை வைத்துக் கணிப்பது, வீட்டின் மின்மீட்டரைப் பார்த்து எந்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்று ஊகிப்பதைப் போன்றது. இவ்வளவு தடைகளைத் தாண்டியும் உருப்படியான விடைகள் கிடைத்திருப்பது, சோதனைகளை வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தால்தான். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

வண்ணத் திட்டுகள் எல்லாமே கழித்தல் கணக்கின் விடைகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். படத்துக்குப் பெயர் சொல்லும்போது கிடைத்த சிக்னலிலிருந்து, வேறொன்றைச் செய்யும்போது கிடைத்ததைக் கழித்தால் மிஞ்சுவதுதான் திட்டு. அந்த 'வேறொன்று' எது என்பதில் எல்லாமே மாறிவிடும். கண்ணை மூடிச் சும்மா படுத்திருப்பதைக் கழித்தால், சும்மா படுத்திருப்பவரின் மனம் சும்மா இருக்காதே! யார் யாரையோ நினைக்கிறது, நாளை செய்ய வேண்டியதைத் திட்டமிடுகிறது. அதற்கெல்லாம் பொருளறிவு வேண்டும். பொருளறிவுக்கு உதவும் பகுதி இரண்டு வேளையிலும் வேலை செய்திருப்பதால், கழித்தலில் அது காணாமல் போய்விடும். படம் வெளியாகும்போது அந்த இடம் சாம்பல் நிறமாக நிற்கும்.

அப்படிக் காணாமல் போன இடங்களில் முக்கியமானது, பொட்டு மடலின் முன்முனையும் அதன் அடிப்பகுதியும். இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1996-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் ஹன்னா டமாசியோவும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூளையில் குறிப்பிட்ட இடத்தில் பாதிப்பு ஏற்பட்ட 127 பேருக்குப் பிரபலமானவர்களின் முகங்களையும், விலங்குகளின் படங்களையும், கருவிகளின் படங்களையும் காட்டினார்கள். இடது பொட்டு மடலின் முன்முனை கெட்டவர்கள் மனிதர்களின் பெயர்களில் தடுமாறினார்கள். சற்றுப் பின்னால், அடிப்பகுதியில் கெட்டவர்களுக்கு விலங்குகளின் பெயர்கள் வரவில்லை. இன்னும் பின்னால் கெட்டவர்களுக்குக் கருவிகளின் பெயர்கள் வரவில்லை. இவர்கள் பார்த்ததை அடையாளம் காணாமல் இல்லை. முகத்துக்குரியவர் யார், என்ன செய்தவர் என்று விவரம் சொல்வார்கள், பெயர் மட்டும் வராது. நலமான மூளைகளை பெட் ஸ்கேனில், அதாவது உடலில் செலுத்தும் சிறிதளவு கதிரியக்கப் பொருளை வைத்து ரத்த ஓட்டத்தை அளக்கும் முறையில், பார்த்தபோதும் இதே வரிசைதான் தெரிந்தது. அதே குழுவினர் பின்னர் புகழ்பெற்ற கட்டடங்களின் படங்களைக் காட்டியபோதும் இடது முன்முனை செயல்பட்டது. ஆக, அங்கே முக்கியம் மனித முகம் என்பதைவிட, உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் ஒன்றுக்குரிய பெயர் என்பதுதான்.

செமான்டிக் டிமென்ஷியா என்னும் நோய் இதையும் கடந்து போகிறது. பொட்டு மடல்களின் முன்பகுதிகள் இரு பக்கமும் மெல்ல மெல்லச் சுருங்கும் நோய் இது. பேச்சு தடையில்லாமல் வரும், இலக்கணம் பிசகாது, நேற்று நடந்ததும் ஓரளவு நினைவிருக்கும். சொற்களும் அவற்றின் பொருளும் மட்டும் கரைந்துகொண்டே போகும். முதலில் அரிதானவை போகும். ஒட்டகச்சிவிங்கியைக் குதிரை என்பார்கள், பிறகு வெறுமனே விலங்கு என்பார்கள், அதன் பிறகு 'அது' என்பார்கள். இவர்களுக்கு ஒரு வாத்தின் படத்தைக் காட்டி, படத்தை எடுத்துவிட்டு, சில நொடிகள் கழித்து நினைவிலிருந்து வரையச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. சிலர் நான்கு கால்களோடு வாத்தை வரைந்திருக்கிறார்கள். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் வெகுநேரம் திரையை மூடவே இல்லை. கோடுகள் உறுதியாக இருக்கின்றன, கை நடுங்கவில்லை, அலகும் வாலும் ஓரளவுக்குச் சரி. விலங்கு என்றால் நான்கு கால் என்ற பொது அறிவு மிஞ்சியிருக்கிறது. வாத்துக்கு மட்டும் உரியதோ போய்விட்டது. கேரலின் பேட்டர்சன் முதலானவர்கள் இத்தகைய நோயாளிகளை வைத்துத்தான், பார்த்தது, கேட்டது, தொட்டது எல்லாம் வந்து கூடும் மையம் பொட்டு மடலின் முன்பகுதியில் இருக்கிறது என்று 2007-இல் வாதிட்டார்கள்.

நோயாளிகள் இவ்வளவு தெளிவாகக் காட்டிய இடம், எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் மட்டும் பல ஆண்டுகள் மௌனமாகவே இருந்தது. பெட் ஸ்கேனில் தெரிந்தது எஃப்.எம்.ஆர்.ஐ.-யில் தெரியவில்லை. காரணம் அதன் இயற்பியலில் இருக்கிறது. பொட்டு மடலின் முன்-அடிப்பகுதிக்குப் பக்கத்திலேயே எலும்புக்குள் காற்று நிறைந்த சைனஸ் அறைகளும் காதின் குழிகளும் இருக்கின்றன. காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் கோணலாகிவிடும். ரத்தத்தின் சிறு காந்தக் குலைவை உணர்வதற்காகவே நுட்பமாக ஆக்கப்பட்ட முறை, காற்றின் இந்தப் பெரிய குலைவிலும் சிக்கிக்கொள்கிறது. சிக்னல் அங்கேயே அவிந்துவிடுகிறது. எந்த உணர்திறனால் மற்ற இடங்களைப் பார்க்க முடிகிறதோ, அதே உணர்திறனால்தான் இந்த இடம் குருடாகிறது. போதாக்குறைக்கு, ஸ்கேன் செய்யும் உயரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மடலின் அடிப்பகுதியை வெட்டிவிட்ட ஆய்வுகளும் ஏராளம். மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் இவற்றைச் சுட்டிக்காட்டினார்கள். காற்றின் தொல்லையைக் குறைக்கும் வேறுவகைப் பதிவு முறைகளைக் கையாண்டபோது, அதுவரை இருட்டாக இருந்த அடிப்பகுதி பொருளறிவுச் சோதனைகளில் பளிச்சென்று தெரிந்தது. இடம் எப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பதின்ம வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு. மாத்திரைகள் மாறின, அளவு கூடியது, வலிப்பு நிற்கவில்லை. இடது பொட்டு மடலின் முன்பகுதியிலிருந்து அது கிளம்புகிறது என்று தெரிந்ததும், அந்தப் பகுதியை எடுத்துவிடும் அறுவைசிகிச்சையைப் பரிந்துரைத்தார்கள். பரிந்துரை காரணமில்லாமல் வரவில்லை. கனடாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், மருந்துக்கு அடங்காத பொட்டு மடல் வலிப்பு உள்ள 80 பேரைச் சீட்டுக் குலுக்கலைப் போல இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் அறுவைசிகிச்சைப் பிரிவில் 58 சதவீதம் பேருக்கு நினைவு தப்பும் வலிப்பு இல்லை. மருந்து மட்டும் எடுத்த பிரிவில் அது 8 சதவீதம்.

அறுவைசிகிச்சைக்கு முன் அக்காவை ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். தலை அசையாமல் இருபுறமும் மெத்தைத் துண்டுகள், கண்ணுக்கு மேலே சாய்வாக ஒரு கண்ணாடி, அதில் தெரியும் திரையில் வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் மனதுக்குள் சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் தாடை அசையும், தலை அசையும், படம் கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. இடையிடையே எதுவுமாகத் தெரியாதபடி சிதைக்கப்பட்ட உருவங்கள் வரும், அவற்றைச் சும்மா பார்த்தால் போதும். கழிப்பதற்கு அவைதான். வெளியே வந்ததும் அக்கா என்னிடம் கேட்டாள்: "ஒரு படத்துக்குப் பெயரே வரவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் வந்துவிட்டது. நான் சொன்னேனா சொல்லவில்லையா என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. மனதுக்குள் சொல்லும் பெயரை யாரும் சரிபார்க்க முடியாது. பெயர் கிடைக்காமல் திணறும்போது நெற்றி மடலின் சில பகுதிகள் இன்னும் மும்முரமாகின்றன. கிடைத்தாலும் ஒளிரும், கிடைக்காவிட்டாலும் ஒளிரும். ஸ்கேன் குழாயின் இரைச்சலுக்குள் படுத்திருந்தபடியே அவள் அந்த முறையின் பெரிய ஓட்டையைப் பிடித்துவிட்டாள்.

படங்கள் வந்த பிறகு மருத்துவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். இடது நெற்றி மடலில் ஒரு திட்டு, பொட்டு மடலின் பின்பக்கத்தில் ஒரு திட்டு. வலப்பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மொழி இடப்பக்கம்தான் என்பது உறுதியாயிற்று. இந்த ஒரு கேள்விக்கு எஃப்.எம்.ஆர்.ஐ. நம்பகமாகவே விடை தருகிறது. முன்பெல்லாம் இதற்காகக் கழுத்துத் தமனி வழியே மயக்க மருந்து செலுத்தி, மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் உறங்க வைத்துப் பார்ப்பார்கள். 1949-இல் ஜுன் வாடா கொண்டுவந்த முறை அது. பல நோயாளிகளுக்கு அது இனித் தேவைப்படவில்லை என்பது பெரிய நன்மை.

அக்கா படத்தின் முன்பகுதியைக் காட்டி, "டாக்டர், நீங்கள் எடுக்கப்போகும் இடம் இருட்டாகத்தானே இருக்கிறது? அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தமா?" என்றாள்.

"அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா," என்றார் அவர். "அந்த இடத்தில் இந்த மெஷினுக்குக் கண் தெரியாது. பெயர்கள் கொஞ்சம் பாதிக்கப்படலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்."

அவரை இன்றும் மதிக்கிறேன். அழகான படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும்.

எந்த இடம் ஒளிர்கிறது என்பதும், எந்த இடம் இல்லாமல் ஒரு வேலை நடக்காது என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒரு வேலையின்போது பல பகுதிகள் உடன் செயல்படலாம், அவற்றில் சில இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். இரண்டாவது கேள்விக்கு நேரடியான விடை, விழித்திருக்கும் நோயாளியின் மூளையில் மின்முனையை வைத்துப் பார்ப்பதில்தான் கிடைக்கிறது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. மெல்லிய மின்னோட்டம் அந்தச் சிறு இடத்தைச் சில நொடிகள் முடக்கும். அப்போது படம் காட்டி, "இது ஒரு…" என்று வாக்கியத்தைத் தொடங்கிப் பெயரோடு முடிக்கச் சொல்வார்கள். "இது ஒரு" என்பதுகூட வராவிட்டால் பேச்சே நின்றுவிட்டது என்று பொருள். "இது ஒரு" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றால், பேச்சு இருக்கிறது, பெயர் இல்லை. இவ்வளவு எளிய வாக்கியத்தால் இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மாண்ட்ரியாலில் மூளை அறுவைசிகிச்சை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட் இப்படிச் செய்தபோது ஒரு நோயாளிக்குப் பட்டாம்பூச்சியின் படம் காட்டப்பட்டது. அவர் பேசவில்லை, எரிச்சலில் விரலைச் சொடுக்கினார். மின்முனையை எடுத்ததும் பெயரைச் சொல்லிவிட்டு, அது வராததால் அந்துப்பூச்சி என்ற சொல்லையாவது பிடிக்கப் பார்த்ததாகவும் விளக்கினார். பொருள் அவருக்கு முழுதாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்துச் சொல்லைத் தேடும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது. பெயருக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டிருந்தது.

ஜார்ஜ் ஓஜ்மான் குழுவினர் 117 நோயாளிகளின் பெயர் சொல்லும் இடங்களைக் குறித்து 1989-இல் வெளியிட்டார்கள். இன்றியமையாத இடங்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு சதுர சென்டிமீட்டர் அளவே இருந்தன. ஆளுக்கு ஆள் இடம் மாறியது. பாடநூல் வட்டத்துக்குள் ஒருவருக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், இன்னொருவருக்கு வட்டத்துக்கு வெளியே எங்கோ முன்னால் இருக்கலாம். பலருடைய படங்களை ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்து அச்சிடும்போது இந்த வேறுபாடெல்லாம் மழுங்கிவிடுகிறது. சராசரி மூளையில் யாரும் அறுவைசிகிச்சை செய்துகொள்வதில்லையே! அதற்காகச் சராசரி வீண் என்று சொல்ல மாட்டேன். 45 மொழிகள் பேசுபவர்களை ஸ்கேன் செய்து 2022-இல் வெளியான ஆய்வில், திராவிடக் குடும்பம் உட்பட 12 மொழிக்குடும்பங்களிலும் மொழி வலைப்பின்னல் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இருந்தது. பொது அமைப்பு உண்மை. அதற்குள் ஒவ்வொருவரின் சென்டிமீட்டர்களும் உண்மை.

கேள்வி கேட்கும் விதத்தைப் பொறுத்தும் இடம் மாறுகிறது. மார்லா ஹாம்பர்கர் என்ற நரம்பு உளவியலாளர், படத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், வாய்மொழியாக விவரித்தும் பெயர் கேட்டுப் பார்த்தார். 'மழையில் நனையாமல் இருக்கத் தலைக்கு மேலே பிடிப்பது எது' என்பது போன்ற கேள்விகள். படத்துக்குப் பெயர் சொல்லத் தேவையான இடங்கள் பெரும்பாலும் பின்னால் இருந்தன. விவரிப்பைக் கேட்டுப் பெயர் சொல்லத் தேவையான இடங்களோ பொட்டு மடலின் முன்பகுதியில், வழக்கமாக எடுத்துவிடும் எல்லைக்குள்ளேயே கிடைத்தன. படங்களை மட்டும் வைத்துச் சோதித்தால் அந்த இடங்கள் சிக்காது. ஆனால் பேச்சின் நடுவே நமக்குப் பெயர் தேவைப்படும்போது எதிரில் படம் இருப்பதில்லை, எண்ணம்தான் இருக்கிறது.

அக்காவுக்குப் படங்களை வைத்துத்தான் சோதித்தார்கள். அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வலிப்பு நின்றுவிட்டது. பெயர்கள்தான், குறிப்பாக ஆட்களின் பெயர்கள், தாமதமாக வருகின்றன. ஒரு கல்யாணப் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவரைக் காட்டி, "இவர் சித்தப்பாவின் நண்பர், கணக்கு வாத்தியார், எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தவர், உரக்கச் சிரிப்பார்…" என்று சொல்லிக்கொண்டே போனாள். பெயர் வரவில்லை. நான் முதல் எழுத்தைச் சொன்னதும் முழுப் பெயரும் வந்துவிட்டது. செமான்டிக் டிமென்ஷியா நோயாளிக்கு முதல் எழுத்தைச் சொன்னாலும் பெரும்பாலும் பயன் இருக்காது, ஏனென்றால் அங்கே பொருளே தேய்ந்திருக்கிறது. இரு பக்கமும் தேய்வதற்கும் ஒரு பக்கம் மட்டும் எடுக்கப்படுவதற்கும் உள்ள தொலைவு அது. வலப்பக்கம் அவளுக்கு முழுதாக இருக்கிறது, அறிவும் முழுதாக இருக்கிறது.

"மறுபடி கேட்டாலும் கையெழுத்துப் போடுவேன்," என்கிறாள். "வலிப்பு வந்த நாட்களில் பெயர் மட்டுமா போனது, அந்த நாளே போய்விடும்."

இடப்பக்க அறுவைசிகிச்சை செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பெயர் சொல்லும் திறன் குறைகிறது என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. இப்போது லேசர் முறையும் வந்திருக்கிறது. மெல்லிய இழையை உள்ளே செலுத்தி, வலிப்பின் ஊற்றாக இருக்கும், பொட்டு மடலின் உள்ளாழத்தில் உள்ள ஹிப்போகேம்பஸையும் அமிக்டாலாவையும் மட்டும் சுட்டுவிட்டு, புறணி எனப்படும் மூளையின் மேலடுக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும் முறை. அப்படிச் செய்துகொண்டவர்களுக்குப் பெயர்கள் பெரிதும் தப்பிக்கின்றன என்று டேனியல் டிரேன் குழுவினர் 2015-இல் காட்டினார்கள். இந்த முறையில் வலிப்பு நிற்கும் வாய்ப்பு திறந்த அறுவைசிகிச்சையைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். பெயர்கள் போனதற்குக் காரணம் வலிப்பின் ஊற்றை எடுத்தது அல்ல, அதை அடைவதற்காக வழியில் எடுக்கப்பட்ட முன்பகுதிப் புறணிதான் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஸ்கேனில் இருட்டாக இருந்த அதே புறணி.

இடது பொட்டு மடல் அறுவைசிகிச்சைக்கு ஆயத்தமாகும் யாராவது, அல்லது அவர்களின் வீட்டார் யாராவது இதைப் படித்தால், மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள். ஸ்கேனின்போது பெயர் சொன்னது சரிதானா என்று எப்படிச் சரிபார்த்தீர்கள்? முன்-அடிப்பகுதியில் சிக்னல் கிடைத்ததா, கிடைக்காததால் இருட்டாக இருக்கிறதா? பெயர் சொல்லும் சோதனையில் படங்கள் மட்டும்தானா, வாய்மொழி விவரிப்பும் உண்டா? ஆட்களின் பெயர்களைத் தனியாகச் சோதிப்பீர்களா? லேசர் முறை எங்களுக்குப் பொருந்துமா? கேட்டதற்காக எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அறுவைசிகிச்சைக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து, நெருங்கியவர்களின் புகைப்படங்களைப் பெயர்களோடு ஓர் ஆல்பமாக்கி வையுங்கள். அக்காவுக்கு நாங்கள் அதைப் பிறகுதான் செய்தோம். இப்போது அவள் தினமும் புரட்டுவது அதைத்தான்.